எண்ணிக்கையும் தொலைவும்: முன்னாள் படைவீரர் பாலிகிளினிக்குகளில் சிறப்பு மருத்துவர் ஒதுக்கீடு

படைத்துறை மருத்துவ அமைப்பு எந்த நாட்டுடையதாயினும், சிறப்பு மருத்துவர் சிலரே இருக்கையில் அவர்களை எந்த ஊரில், எவ்வளவு காலத்துக்கு, யாருக்காக அமர்த்துவது என்ற கேள்வியை அது ஒவ்வோர் ஆண்டும் எதிர்கொள்கிறது. சிறப்பு மருத்துவர் எனப்படுபவர் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பின் பொதுமருத்துவம், அறுவை, மகப்பேறு, மயக்கவியல், எலும்பியல் போன்ற ஒரு துறையில் மூன்றாண்டுப் பட்டமேற்படிப்பை முடித்தவர். இதயவியல், சிறுநீரகவியல் போன்ற உயர்சிறப்புத் துறைகளுக்கு மேலும் மூன்றாண்டுகள் வேண்டும். ஆகவே இன்று உணரப்படும் பற்றாக்குறையை இன்று எடுக்கும் முடிவால் நீக்க இயலாது. பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த முடிவுகளின் விளைவை வைத்துக்கொண்டு, இருப்பவரைப் பங்கிடுவதே நிர்வாகத்தின் கையில் எஞ்சுகிறது. இக்கட்டுரை இந்தப் பங்கீட்டை முன்னாள் படைவீரர் நோக்கிலிருந்து, குறிப்பாகப் படைநிலையம் எதுவும் இல்லாத திருவண்ணாமலை போன்ற ஊரின் நிலையிலிருந்து ஆராய்கிறது.

சிக்கலின் வேர் நிலவியலில் உள்ளது. படை மருத்துவமனைகள் படை இருக்கும் இடத்தைப் பின்தொடர்கின்றன. ஸ்ரீநகரின் 92ஆம் தளமருத்துவமனையும் லேயின் 153ஆம் பொதுமருத்துவமனையும் எல்லைக்காக அமைந்தவை. அறுவை மருத்துவரும் மயக்கவியலாளரும் முதலில் அங்கேதான் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் தரைப்படையின் மருத்துவமனைகள் சென்னையிலும் நீலகிரி வெலிங்டனிலும் உள்ளன. இரண்டுமே பழைய இராணுவக் குடியிருப்புகளை ஒட்டி எழுந்தவை. ஓய்வுபெற்ற வீரரோ தாம் பணியாற்றிய இடத்தில் தங்குவதில்லை; ஆள் சேர்க்கப்பட்ட ஊருக்கே திரும்புகிறார். பழைய வடஆற்காடு மாவட்டம் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய பகுதி. வேலூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் இடைப்பட்ட கம்மவான்பேட்டை ‘மிலிட்டரி ஊர்’ என்றே வழங்கப்படுகிறது. 1989இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஆரணி, போளூர், செங்கம், செய்யாறு, வந்தவாசி ஆகிய பகுதிகள் திருவண்ணாமலையின்கீழ் வந்தன. திருவண்ணாமலை நகரிலுள்ள ஓய்வூதியருக்கு மிக அருகிலுள்ள படை மருத்துவமனை ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தொலைவில், சென்னையில் இருக்கிறது.

ஒரே மருத்துவரைப் படையும் குடிமக்களும் பங்கிட்டுக்கொண்ட பழைய முறை ஒன்று இங்கே கருதத்தக்கது. ஆங்கிலேயர் காலத்து இந்திய மருத்துவப் பணி, ஐ.எம்.எஸ்., அடிப்படையில் படைப்பணியே. அமைதிக் காலத்தில் அதன் அலுவலர்களில் பெரும் பகுதியினர் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் இரவலாக அனுப்பப்பட்டனர். போர் வந்தால் திரும்ப அழைக்கப்படும் சேமப்படையாகவே அவர்கள் கணக்கிடப்பட்டிருந்தனர். 1914இல் போர் மூண்டதும் அந்த அழைப்பு வந்தது. மாவட்டங்களில் அவர்கள் விட்டுச்சென்ற பொறுப்பு இந்திய உதவி மருத்துவர்கள்மீது விழுந்தது. அவ்வளவு பேரைத் திரட்டியும் மெசபட்டோமியாப் போர்முனையில் மருத்துவ ஏற்பாடு சீர்குலைந்ததை 1917இல் வெளிவந்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை கடுமையாகச் சாடியது. ஒரே ஆளை இரண்டு இடங்களின் கணக்கிலும் எழுதிவைத்தால் நெருக்கடி வேளையில் இரண்டு இடமும் வெறுமையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்திய வரலாற்றில் இல்லை. 1943 ஏப்ரலில் இந்திய இராணுவ மருத்துவப் படை தனியே உருவாக்கப்பட்டது, 1947இல் ஐ.எம்.எஸ். முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு புனேயில் படை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஆனால் பணியிலிருப்போருக்காக அளவெடுத்த இந்த அமைப்பில், ஓய்வுபெற்று ஊர் திரும்பியவருக்கு படை மருத்துவமனைக்கு வெளியே போதிய ஏற்பாடு நெடுங்காலம் இருக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், பேச்சுவழக்கில் இ.சி.எச்.எஸ். ஓய்வுபெறும்போது ஒருமுறை செலுத்தும் பங்களிப்பைக் கொண்டு வீரரும் அவர் துணைவரும், சார்ந்திருக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் இதில் உறுப்பினராகின்றனர். பயனாளிகள் இன்று ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் முதலில் செல்ல வேண்டிய இடம் பாலிகிளினிக், அதாவது படுக்கை வசதியற்ற புறநோயாளர் நிலையம். அங்கு தீராத நோய்க்குப் பரிந்துரைச் சீட்டு, எல்லோரும் சொல்வதுபோல ‘ரெஃபரல்’, பெற்றுப் படை மருத்துவமனைக்கோ திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் மருத்துவமனைக்கோ போக வேண்டும். தொடக்கத்தில் 227 பாலிகிளினிக்குகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2010இல் மேலும் 199 சேர்க்கப்பட்டு எண்ணிக்கை 426 ஆயிற்று. படைநிலையம் இல்லாத மாவட்டத் தலைநகரங்கள் பல, திருவண்ணாமலை உட்பட, இந்த வலைப்பின்னலுக்குள் வந்தன.

கட்டடம் பரவிய வேகத்தில் மருத்துவர் பரவவில்லை. பாலிகிளினிக்குகள் அப்பகுதியில் வாழும் முன்னாள் படைவீரரின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகைப்படுத்தப்படுகின்றன. பெரிய படைநிலையங்களைச் சார்ந்த உயர்வகைகளுக்குப் பொதுமருத்துவச் சிறப்பாளர், மகப்பேற்று மருத்துவர் ஆகியோரின் பணியிடங்கள் உண்டு. கீழ்வகைகளுக்குப் பொறுப்பு அலுவலர், மருத்துவ அலுவலர், பல் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என்ற அளவோடு அமைப்பு நின்றுவிடுகிறது. தலையெண்ணி ஒதுக்கும் இம்முறை பார்வைக்கு நடுநிலையானது. ஆயினும் அதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, அது வயதை எண்ணுவதில்லை. நாற்பது வயதில் ஓய்வுபெற்ற ஆயிரம் பேருக்கும் எழுபதைக் கடந்த ஆயிரம் பேருக்கும் மருத்துவத் தேவை ஒன்றாக இராது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கண்புரை, மூட்டுத் தேய்வு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை பின்னவரிடமே குவிகின்றன. இரண்டாவது, அது மாற்று வழியை எண்ணுவதில்லை. சென்னையில் பாலிகிளினிக்குக்கு அருகிலேயே படை மருத்துவமனையும் பல ஒப்பந்த மருத்துவமனைகளும் இருப்பதால், அங்கு பாலிகிளினிக்கில் ஒரு சிறப்பு மருத்துவர் இல்லாமற்போனாலும் நோயாளி இழப்பது ஒரு நாள்தான். அத்தகைய மாற்று எதுவும் இல்லாத ஊருக்குத்தான் விதிப்படியே சிறப்பு மருத்துவர் இல்லை. மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் வகுத்துச் சொன்ன ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’, விதிப்புத்தகத்தின் வழியாகவே இங்கு நிறைவேறுகிறது.

பணியிடம் இருந்தும் ஆள் வராத இடங்கள் வேறு. பாலிகிளினிக் மருத்துவர்கள் படையிலிருந்து அனுப்பப்படுபவர்கள் அல்லர். படைநிலையத் தலைமையகம் விளம்பரம் செய்து, நேர்காணல் நடத்தி, ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துபவர்கள். அண்மைக் காலம் வரை பல ஆண்டுகளாக மருத்துவ அலுவலருக்கு மாதம் 75,000 ரூபாயும் சிறப்பு மருத்துவருக்கு 1,00,000 ரூபாயும் தொகுப்பூதியமாக இருந்தன. பெருநகரமானாலும் மலையடிவாரமானாலும் ஒரே தொகை. இவ்வாறு தொகை ஒன்றாக இருக்கும்போது ஊரின் வசதியே தேர்வைத் தீர்மானிக்கிறது. பிள்ளைகளின் பள்ளி, துணைவரின் வேலை, மாலை நேரத் தனியார் மருத்துவத் தொழில் ஆகிய அனைத்தும் சென்னை, கோவை, பெங்களூருக்குச் சாதகமானவை. ஓய்வுபெற்ற படை மருத்துவர்கள் குடியமர்வதும் பெரும்பாலும் அத்தகைய நகரங்களிலேயே. ஆகவே சீரான ஊதியம் என்பது சமத்துவத்தின் தோற்றம் கொண்ட, ஆனால் நகரத்துக்கு ஒதுக்கும் ஒரு கருவி. படை மருத்துவ நிறுவனங்களைப் பற்றி இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் 2012-13இல் அளித்த செயல்திறன் அறிக்கையும், இ.சி.எச்.எஸ். பற்றி 2015இல் அளித்த அறிக்கையும் மருத்துவர் பற்றாக்குறையைச் சுட்டின. தணிக்கையின் மொழியில் அது நிரப்பப்படாத இடம். ஆனால் நிரப்ப இயலாதவாறு வகுக்கப்பட்ட இடமும் அதே பட்டியலில் அதே பெயரோடுதான் நிற்கிறது.

எங்கே அமர்த்துவது என்பதைக் கணிதமாக ஆராயும் துறைக்கு ‘இருப்பிடத் தேர்வியல்’ எனலாம். அதில் மூன்று குறிக்கோள்கள் அடிக்கடி மோதுகின்றன. நோயாளிகள் அனைவரும் செல்லும் மொத்தத் தொலைவைக் குறைப்பது ஒன்று; 1964இல் ஹக்கிமி இதற்குச் செம்மையான வடிவம் தந்தார். மிகத் தொலைவிலுள்ளவரின் தொலைவைக் குறைப்பது மற்றொன்று. குறித்த தொலைவுக்குள் எத்தனை பேரை உள்ளடக்கலாம் என்று பார்ப்பது மூன்றாவது; இதை 1974இல் சர்ச்சும் ரெவெல்லும் வகுத்தனர். திருவண்ணாமலை மாவட்டத்தில் இவை மூன்றும் மூன்று விடை தரும். ஆரணியும் போளூரின் வடபகுதியும் வேலூரை நோக்கியவை; செய்யாறு காஞ்சிபுரத்துக்கு அண்மையது. மாவட்ட எல்லையை மறந்து தொலைவை மட்டும் பார்த்தால் ஆரணி, போளூர்ப் பகுதி வீரர்களை வேலூர் பக்கமே சேர்க்க வேண்டும். உறுப்பினர் தமக்கு வசதியான பாலிகிளினிக்கைத் தேர்ந்துகொள்ள விதியும் இடம் தருகிறது. அப்படிச் சேர்த்தால் வேலூரின் கணக்கு உயரும், திருவண்ணாமலையின் கணக்கு தாழும், எண்ணிக்கை வழியிலான ஒதுக்கீடு வேலூருக்கே மேலும் ஒரு மருத்துவரைத் தரும். அப்போது செங்கத்திலும் தண்டராம்பட்டிலும் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலும் எஞ்சியிருப்போர் எண்ணிக்கையில் சிறுத்து, தொலைவில் மட்டும் பெருத்துப்போவார்கள். மொத்தத் தொலைவைக் குறைக்கும் கணக்கு இவர்களைப் பொருட்படுத்தாது. மிகத் தொலைவைக் குறைக்கும் கணக்கு இவர்களை மட்டுமே பொருட்படுத்தும். எதைத் தேர்வது என்பதைக் கணிதம் சொல்லாது. அது கொள்கை முடிவு. அந்த முடிவை எடுத்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே எடுத்துவிடும் வாய்ப்பைத் தருவதுதான் எண்ணிக்கை விதியின் உண்மையான தீங்கு.

எதிர்த்தரப்பு வாதமும் வலுவுடையது. மருத்துவரைச் சிதறவிடாமல் ஓரிடத்தில் சேர்த்தால் காத்திருப்பு குறையும் என்பது வரிசைக் கோட்பாட்டின் அடிப்படை முடிவு. தொலைபேசி இணைப்புகளை ஆராய்ந்த டென்மார்க்கின் எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த துறை இது. நோயாளிகள் முன்னறிவிப்பின்றி வருவதாகவும், ஒவ்வொருவரையும் பார்க்கச் சராசரி 15 நிமிடம் ஆவதாகவும், அந்நேரம் ஆளுக்கு ஆள் ஒழுங்கின்றி மாறுவதாகவும், மருத்துவரின் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியிருப்பதாகவும் கொள்வோம். தனித்தனியே இரண்டு ஊரில் அமர்ந்த இருவரிடமும் சராசரிக் காத்திருப்பு ஒரு மணி நேரம். அதே இருவர் ஒரே வரிசைக்குப் பணியாற்றினால் அது ஏறத்தாழ 27 நிமிடமாகச் சுருங்கும். ஆனால் இந்த 33 நிமிட ஆதாயத்துக்காகத் திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போக ஏறத்தாழ 80 கிலோமீட்டரும் வர அதே அளவும் பேருந்தில் பயணப்பட வேண்டிய முதியவரை இக்கணக்கு காண்பதில்லை. மருத்துவமனைச் சுவருக்குள் இருக்கும் காத்திருப்பை மட்டும் அளக்கும் எந்த ஆய்வும் சேர்ப்பதையே பரிந்துரைக்கும்.

இவ்விரு வாதங்களுக்கும் இடையே வழி காண, எந்தத் தேவை எத்தகையது என்று பிரித்தறிய வேண்டும். பாலிகிளினிக்குக்கு வருவோரில் பெரும்பகுதியினர் நீடித்த நோய்களுக்குத் தொடர்மருந்து பெறுபவர்கள். சர்க்கரை நோயாளியின் மருந்தளவைச் சிறப்பு மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அவர் என்று வருவார் என்பதை முன்னரே குறிக்கலாம். வரிசைக் கோட்பாடு அஞ்சும் ஒழுங்கற்ற வருகை இங்கே இல்லை. மறுகோடியில் மாரடைப்பும் பக்கவாதமும் நிற்கின்றன. அவற்றுக்குப் படுக்கையில்லாத பாலிகிளினிக்கில் இதய மருத்துவரே உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை, நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆக, சிறிய பாலிகிளினிக்கில் அன்றாடம் அமரும் முழுநேரச் சிறப்பு மருத்துவர் முதல்வகைக்கு மிகை, இரண்டாம் வகைக்கு வீண். இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள நோயாளியே, அதாவது இனம் தெரியாத நெஞ்சுவலியோடும் காரணம் புரியாத எடைக்குறைவோடும் மனச்சோர்வோடும் வருபவரே, உண்மையான சோதனை. அவரைச் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு அனுப்பும் திறன் மருத்துவ அலுவலரிடம் இருக்க வேண்டும். சிறப்பு மருத்துவர் ஒதுக்கீட்டைப் பற்றிய விவாதங்கள் பொதுமருத்துவரின் தரத்தைப் பற்றிப் பேசாமலே முடிந்துபோவது வியப்புக்குரியது.

நாள்குறித்துச் சுற்றிவரும் மருத்துவர் என்ற ஏற்பாடு இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய கிறித்தவ மருத்துவமனையின் நிறுவனர் ஐடா ஸ்கடர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேலூர்–குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த மரத்தடிகளில் நின்று நோயாளிகளைப் பார்த்தார். ‘ரோட்சைடு’ என்று மக்கள் அழைத்த அந்த முறை வெற்றிபெற்றதற்குக் காரணம் மருத்துவர் எந்நாளும் இருந்தது அன்று, சொன்ன நாளில் தவறாது வந்ததே. தேவை எப்போது எழும் என்பது தெரிந்திருந்தால் குறைந்த ஆட்களைக் கொண்டும் நிறைவாகச் செய்யலாம் என்பதைத் திருவண்ணாமலை ஆண்டுதோறும் காண்கிறது: கார்த்திகை தீபத்தின்போது பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையெங்கும் மருத்துவ முகாம்களும் ஆம்புலன்சுகளும் நிறுத்தப்படுகின்றன, திருவிழா முடிந்ததும் அவை தத்தம் இடத்துக்குத் திரும்புகின்றன.

வருகைநாள் முறையோடு தொலைமருத்துவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர் கோவிந்தப்ப வெங்கடசாமியே படை மருத்துவராக இருந்து முடக்குவாதத்தால் 1948இல் விலகியவர். அந்நிறுவனம் சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் நேரில் கண்ணைச் சோதிக்க, தலைமை மருத்துவமனையிலுள்ள கண் மருத்துவர் காணொளியில் முடிவு சொல்கிறார். பாதுகாப்பு அமைச்சகம் 2021 மே மாதம் தொடங்கிய ‘செஹத்’ தொலைமருத்துவ ஆலோசனைச் சேவை பணியிலிருப்போருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் திறந்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. முதலாவதில் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற கை ஒன்று இருக்கிறது. இரண்டாவதில் முதியவர் தம் கைப்பேசியோடு தனியே இருக்கிறார். செஹத்தைப் பாலிகிளினிக்கின் மருத்துவ அலுவலர் முன்னிலையில் நடக்கும் ஆலோசனையாக மாற்றினால், சென்னையின் ஒரு சிறப்பு மருத்துவர் ஒரே முற்பகலில் மூன்று ஊர்களைப் பார்க்க இயலும்.

மருத்துவரின் விருப்பத்தை மாற்றாமல் ஒதுக்கீட்டு நடைமுறையை மட்டும் மாற்றுவதால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குப் பொருளியல் விடை கண்டிருக்கிறது. 1962இல் கேலும் ஷாப்லியும் வகுத்த இணைப்பு முறை, இரு தரப்பும் பிணங்கி விலகாத நிலையான பொருத்தத்தைத் தருவது. அமெரிக்கப் பயிற்சி மருத்துவர் ஒதுக்கீடு அதை ஒத்த முறையில் 1950களிலிருந்தே நடந்துவந்தது. ஆனால் ஒரு நிலையான பொருத்தத்தில் இடம் நிரம்பாத கிராமப்புற மருத்துவமனைக்கு வேறு எந்த நிலையான பொருத்தத்திலும் கூடுதலாக ஒருவரும் வரமாட்டார் என்பதை ஆல்வின் ராத் 1986இல் நிறுவினார். கலந்தாய்வின் வரிசையைத் திருத்துவதால் ஜமுனாமரத்தூருக்கு மருத்துவர் வந்துவிடமாட்டார் என்பதே இதன் பொருள். விருப்பத்தையே மாற்றும் கருவியைத் தமிழ்நாடு அரசு நெடுங்காலம் கையாண்டிருக்கிறது: பட்டமேற்படிப்பு இடங்களில் அரசுப்பணி மருத்துவருக்குத் தனி ஒதுக்கீடு, தொலைதூரப் பணிக்கு ஊக்க மதிப்பெண். அரசுப்பணி மருத்துவருக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்தது. ஆண்டு ஒப்பந்தத்தில் ஆளெடுக்கும் இ.சி.எச்.எஸ். அமைப்பிடம் கொடுப்பதற்கு இத்தகைய எதிர்காலப் பயன் எதுவும் இல்லை.

நோயாளிகளை முழுவதும் தனியாரிடம் அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பாரும் உளர். அவ்வழியில் சென்ற அமெரிக்காவின் பட்டறிவு அதற்கு எதிரானது. 2017ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் பின் அங்கு படை மருத்துவ நிலையங்கள் ஒரே முகமையின்கீழ் கொணரப்பட்டு, படைவீரர் குடும்பங்களும் ஓய்வுபெற்றோரும் தனியார் வலையத்துக்கு மிகுதியாக அனுப்பப்பட்டனர். தனியார் துறையிலேயே மருத்துவர் பற்றாத ஊர்களில் அவர்கள் தவித்தனர். நோயாளி குறைந்ததால் படை மருத்துவரின் கைப்பழக்கமும் தேய்ந்தது. 2023 டிசம்பரில் பாதுகாப்புத் துணைச் செயலர் நோயாளிகளைப் படை மருத்துவமனைகளுக்கே மீட்டுக்கொணர ஆணையிட நேர்ந்தது. அறுவைகள் மிகுதியாக நடக்கும் மருத்துவமனைகளில் இறப்பு குறைவு என்பதை 1979இலேயே ஹெரால்டு லஃப்டும் அவர் குழுவினரும் காட்டியிருந்தனர். சென்னைப் படை மருத்துவமனையில் முதிய வீரருக்குச் செய்யப்படும் அறுவை அவருக்கான சலுகை மட்டும் அன்று. எல்லைக்குப் போகவிருக்கும் அறுவை மருத்துவரின் பயிற்சியும் ஆகும். தவிர, ஒப்பந்த மருத்துவமனைகளுக்குச் சேர வேண்டிய தொகை காலந்தாழும்போது அவை ஒப்பந்தத்தைக் கைவிடுவதும், சிறிய ஊர்களில் அதற்குப்பின் வேறு மருத்துவமனை இல்லாமற்போவதும் நிகழக்கூடியவை.

இவற்றைச் சீர்தூக்கினால் திருவண்ணாமலை போன்ற ஊருக்கு முழுநேரச் சிறப்பு மருத்துவர் பணியிடம் கோருவது தவறான கோரிக்கை என்றே கூற வேண்டும். கிடைத்தாலும் அது காகிதத்தில் நிற்கும். கோர வேண்டியது நாள். பொதுமருத்துவத்துக்கும் எலும்பியலுக்கும் கண்ணுக்கும் மகளிர் மருத்துவத்துக்கும் மாதத்தில் இன்னின்ன நாள் என்று அறிவித்து, அந்நாளுக்கு மாத ஊதியமாக அன்றி அமர்வுக்கு இவ்வளவு என்று, தொலைவுக்கேற்ப உயரும் மதிப்பூதியம் வழங்கலாம். வேலூரின் மருத்துவர் வளம் ஒருபுறம் இருக்க, 2013 முதல் திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; பணிநேரத்துக்குப் பின் தனியார் மருத்துவத் தொழில் செய்ய மாநில அரசு தன் மருத்துவரை அனுமதிப்பதால், மாலை அமர்வு ஒன்றுக்கு அவர்களை அழைக்க இரு அரசுகளுக்கிடையே ஓர் உடன்பாடு போதும். ஒதுக்கீட்டின் அளவுகோலும் மாற வேண்டும்: எத்தனை பணியிடம் ஒப்பளிக்கப்பட்டது என்பதை விடுத்து, அறிவித்த நாட்களில் எத்தனை நாள் மருத்துவர் வந்தார் என்பதையும், செங்கத்துக்கு அப்பாலிருந்து வந்தவர் எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்பதையும் பதிய வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு பாலிகிளினிக்கின் வாயிலிலும் மாதந்தோறும் எழுதிவைக்கப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை; முன்னாள் படைவீரர் சங்கங்கள் முதலில் கேட்டுப்பெற வேண்டியது அதைத்தான்.